நீல அங்கிக்காரரின் முகம்

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போன பெருமை ஒன்றுதான்: "பெரிய தேவாலயத்து ஜன்னல்ல என் கை பட்டிருக்கு." கண்ணாடிக்கடை வைத்திருந்த கணவர், சொந்தச் சமையலறை ஜன்னலின் கீறலை இருபத்தாறு வருஷமாக ஒட்டுத்தாளால் மறைத்து வைத்திருந்தார். அந்தக் கையை நம்பித் தேவாலயத்து ஜன்னலைக் கொடுத்தார்களாம். அவள் ஒரு நாளும் நம்பியதில்லை.

இப்போது அந்தப் புளுகைச் சம்பந்தி வீட்டிலும் அவிழ்த்துவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர்களும் விடாமல், போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டார்கள். குட்டு உடைந்தால் அந்த வீட்டில் தலைகுனியப் போவது மகள்தான்.

பழைய கோதிக் கட்டடம். கூம்பிய வளைவுகள், வண்ணக் கண்ணாடிகள், தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம். அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கல் கல்லாகத் தானே அடுக்கிக் கட்டியவர் மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தார் கணவர்.

"உங்க ஜன்னல் எதுங்க?" என்றாள் சம்பந்தியம்மா.

"அதோ, மூணாவது. நீல அங்கி போட்டவர் நிக்கிறாரே. சாரம் கட்டி ஏறி, பதினோரு நாள் வேலை."

புளுகிலும் என்ன ஒரு கணக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுற்றிக்காட்டும் பெண் கூட்டத்தை அந்த ஜன்னலடியில்தான் நிறுத்தினாள். "இவருக்கு முகமே இல்ல பாருங்க. மழை படக்கூடாதுன்னு கண்ணு, மூக்கெல்லாம் கண்ணாடியோட உள்பக்கம்தான் வரைவாங்க. முப்பது வருஷம் முன்னாடி கழட்டிக் கழுவினவரு இந்த ஒரு துண்டைத் திருப்பி மாட்டிட்டாரு. வரைஞ்ச பக்கம் வெளிய போயிடுச்சு. அத்தனை காலம் இருந்த முகம் மழையில கரைஞ்சே போச்சு."

கூட்டம் உச்சுக்கொட்டியது. "கண்ணு தெரியாதவனைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி மட்டும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"நான் செஞ்சது இது இல்ல" என்றார் கணவர். "பின்னாடி கழிப்பறை ஜன்னல் ஒண்ணு மாட்டினேன். பெருமைக்குச் சொன்னதுங்க."

"நல்லாத்தான் கதை விட்டீங்க" என்று சம்பந்தி அவர் முதுகில் தட்டினார். சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விஷயம் கேலியோடு போயிற்று.

கணவர் அதற்குப் பிறகு அந்த ஜன்னல் பக்கம் நிமிரவேயில்லை. அவர் கை அதில் பட்டிருக்கிறது என்பதை அவள் அன்றைக்குத்தான் நம்பினாள்.