சர்வர் பரீட்சைக்கு எந்தப் புத்தகம்?

அந்த மருந்து விநியோகக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரீஸ்டார்ட் அக்கா' என்றால்தான் தெரியும். யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும், போனை எடுத்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதுதான். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் மாடியேறிப் போய், மேசைக்கு அடியில் தலையை விட்டு, யாரோ காலால் உதைத்துக் கழற்றிய வயரைச் செருகிவிட்டு வருவாள்.

சர்வர் அறைக்குள் மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை. கம்பெனியின் கணக்கு வழக்கு, சரக்கு விவரம் எல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"வெளியில இருந்து ஆள் எடுக்கற எண்ணம் இல்ல. நீங்க சர்வர் சர்டிஃபிகேட் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுங்க. அறைய உங்ககிட்டயே விட்டுடறேன்."

அன்று சாயந்திரம் அவள் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளைவிட அதிகமாகக் குதித்தது நாத்தனார்தான். அடுத்த தெருவில் குடியிருந்த நாத்தனாருக்கு அந்த வீட்டில் பெயர் 'பாப்பா'. தனக்கே பள்ளிக்கூடம் போகும் மகள் இருந்தும், அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். மகள் பிறப்பதற்கு முன் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவள். மறுபடி வேலைக்குப் போக வேண்டுமென்று எங்கே போனாலும், "நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணி, நானும் எழுதறேனே. ரெண்டு பேரும் சேந்து படிக்கலாம்."

"வா வா. தனியாப் படிச்சா எனக்குத் தூக்கம்தான் வரும்" என்றாள் அக்கா.

அக்காவின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அப்ப இனிமே வீட்டுல சமையல் என் பொறுப்பு, அதானே?" என்றான். யாரும் மறுக்கவில்லை.

அந்த வாரமே புத்தகக் கடைக்குப் போனார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில், பாடப் புத்தகங்களுக்கென்றே இருந்த கடை. அக்காவின் கை உடனே ஒரு மெல்லிய மஞ்சள் புத்தகத்துக்குப் போனது. பக்கத்துக்குப் பக்கம் மாதிரிக் கேள்விகள், கடைசியில் விடைகள். நாத்தனார் தூக்கி வந்ததோ தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம் போன்ற தடிமனில் ஒன்று.

"இதத் தூக்கறதுக்கே ஜிம்முக்குப் போகணும் போலிருக்கே" என்றாள் அக்கா.

"எல்லாத்தையும் அடியில இருந்து சொல்லியிருக்கான் அண்ணி. மஞ்சள்ல என்ன இருக்கு? கேள்வியும் பதிலும். மனப்பாடம் பண்ணிப் பாஸ் பண்றதெல்லாம் ஒரு பாஸா?"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கனமா இருந்தா காசுக்குத் தகுந்த புத்தகம்மா" என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். வாசலில் நின்ற கணவன், "ரெண்டையும் வாங்கிடுங்களேன்" என்றான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவன் மேல் பாய்ந்தார்கள். சேர்ந்து படிப்பதென்றால் ஒரே புத்தகம்தான் படிக்க வேண்டும், இதுகூடத் தெரியாதா என்று.

பேச்சு அப்படியே தடித்துக்கொண்டு போனது. வேலை முடிந்து வந்த களைப்பு அக்காவுக்கு. வாய் தவறி வார்த்தை வந்துவிட்டது.

"நான் நாள் முழுக்க வேலை பாத்துட்டு வந்து படிக்கணும். இவ்ளோ பெருசெல்லாம் எனக்கு ஆகாது. உனக்கென்ன, வீட்டுல சும்மாதானே இருக்க."

நாத்தனார் தடிப் புத்தகத்துக்குப் பணத்தைக் கொடுத்தாள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், படியிறங்கிப் போய்விட்டாள்.

அதோடு பேச்சு வார்த்தை நின்றது. அக்காவுக்கு அப்போதே மனசு உறுத்தியது. ஆனால் முதலில் போய்ப் பேச ரோஷம் விடவில்லை. கணவன்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவே திண்டாடினான். "தினமும் எத்தனையோ லிஃப்ட்டப் பாக்கறேன். நானே இப்படி ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிப்பேன்னு நினைக்கல" என்று புலம்பினான்.

அக்கா மஞ்சள் புத்தகத்தை வாங்கி வந்து விழுந்து விழுந்து படித்தாள். கேள்வியைப் பார்த்ததும் பதில் வாயில் வந்து நின்றது. ஆனால் அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் முழிக்க வேண்டியிருந்தது. குறிப்பாக ரெய்டு என்று ஒரு சமாசாரம். ஒரு ஹார்டு டிஸ்க் செத்துப்போனாலும் அதிலிருந்த தகவல் சாகாமல் இருக்க, பல டிஸ்க்குகளைக் கோத்து வைக்கும் முறை. அதில் எத்தனை வகை, எதற்கு எத்தனை டிஸ்க் என்று தலைகீழாக ஒப்பிப்பாள். செத்த டிஸ்க்கில் இருந்தது எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டால் தெரியாது. மஞ்சள் புத்தகத்துக்கும் தெரியாது.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பரீட்சைக்குத் தேதி வாங்கலாமென்று தேர்வு நடத்துபவர்களின் இணையதளத்தைத் திறந்தாள். மேலேயே கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு. இப்போதைய தேர்வு இந்த மாதத்தோடு முடிகிறது. இனிப் புதிய பாடத்திட்டம், புதிய தேர்வு எண். பழைய தேர்வுக்கு இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

அவள் பையிலிருந்து மஞ்சள் புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தாள். பழைய எண். அடுத்த நொடியே இன்னொன்று நினைவுக்கு வந்தது. நாத்தனாருடைய தடிப் புத்தகத்தின் முதுகிலும் இதே எண்தான்.

அன்று அவள் வேலை முடிந்து நேராக அடுத்த தெருவுக்குப் போனாள். நாத்தனார் கதவைத் திறந்தாள். கூடத்தில் துவைத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்த தடிப் புத்தகம், முக்கால்வாசி தாண்டித் திறந்திருந்தது. வரிக்கு வரி பென்சில் கோடு. சும்மா இருக்கிறவள் வீடு மாதிரி அது இல்லை.

"உள்ள வாங்க" என்றாள் நாத்தனார், கண்ணைத் துணி மடிப்பதில் வைத்துக்கொண்டு.

"அன்னிக்குக் கடையில ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதம்மா."

நாத்தனார் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். "அதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"அடுத்த தெரு என்ன பெரிய தூரம். நான்தான் இத்தனை நாள் வரல. இன்னொண்ணும் இருக்கு. அதக் கேட்டா என்னை மன்னிக்கிறதுக்கு உனக்கு மூடு இருக்காது. அதனால முதல்ல மன்னிச்சிடு."

"சரி, மன்னிச்சாச்சு. என்ன?"

அக்கா சொன்னாள். நாத்தனார் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தாள். திருப்பி முதுகைப் பார்த்தாள். பின்பு மெதுவாகத் துணி மலையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முக்கால்வாசி முடிச்சிட்டேன் அண்ணி."

"நான் முழுசா முடிச்சு ரெண்டாவது தடவை படிச்சிட்டிருக்கேன்."

"இதுக்கா இவ்ளோ சண்டை போட்டோம்?"

"ரெண்டுமே செல்லாத புத்தகம்! செல்லாத புத்தகத்துக்காகப் பேசாம இருந்திருக்கோம்!"

முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. கணவன் தங்கையைப் பார்க்க வந்தபோது இருவரும் துணிகளுக்கு நடுவே கண்ணில் நீர் வழியச் சாய்ந்து கிடந்தார்கள். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினான். பதில் சொல்ல முடியாமல் இருவரும் புத்தகத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்ததில், அவன் அதைக் கையில் வாங்கி, உள்ளே ஏதோ நகைச்சுவை இருக்கிறதென்று நிஜமாகவே தேடினான்.

இந்த முறை அவசரப்படவில்லை. நாத்தனார் புதிய பாடத்திட்டத்தை இணையதளத்திலிருந்து அச்செடுத்தாள். "முதல்ல இதுல இருக்கறதெல்லாம் புத்தகத்துல இருக்கான்னு பாப்போம். அப்புறம் நமக்குச் சுத்தமாப் புரியாத பாடம் எதுவோ, அத எடுத்துக் கடையிலயே படிச்சுப் பாப்போம். புரிஞ்சா வாங்கலாம்."

கடைக்காரர் அவர்களைப் பார்த்ததுமே கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பழைய புத்தகங்களை மேசையில் வைத்து அக்கா விவரம் சொன்னாள்.

"அட, எனக்கே தெரியாதும்மா. வந்தத அடுக்கி வெச்சேன். புதுசா மூணு வந்திருக்கு, பாருங்க" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டு இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார். சீக்கிரமே அதற்கும் வருத்தப்பட்டிருப்பார். கடை மூடுகிற நேரம் வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.

முதல் புத்தகத்தின் அட்டை பளபளத்தது. 'முற்றிலும் புதியது' என்று போட்டிருந்தது. பாடத்திட்டத்தோடு ஒத்துப் பார்த்தால் உள்ளே பழைய சரக்கேதான். அட்டை மட்டும்தான் முற்றிலும் புதியது. இரண்டாவதில் எல்லாம் இருந்தது. ஆனால் படித்தால் பத்திர ஆபீஸ் தஸ்தாவேஜு மாதிரி இருந்தது. ஒரு வாக்கியம் தொடங்கினால் பக்கம் திருப்பித்தான் முடிந்தது.

மூன்றாவது, சேற்று நிற அட்டை போட்ட நடுத்தரப் புத்தகம். அக்கா ரெய்டு பாடத்தைத் திறந்தாள். 'இந்த இடத்தில் எல்லோருக்கும் குழப்பம் வரும், எனக்கும் வந்தது' என்று எழுதியவர் ஆரம்பித்திருந்தார். இரண்டு டிஸ்க்கில் இருக்கும் எண்களைக் கூட்டி மூன்றாவதில் வைத்திருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிஜத்தில் கணக்கு கொஞ்சம் வேறு, ஆனால் யோசனை இதுதான். ஒரு டிஸ்க் போனால், கூட்டுத்தொகையிலிருந்து மிச்சம் இருப்பதைக் கழியுங்கள். போனது கிடைத்துவிடும்.

"ஐயோ, கழித்தல் கணக்கு!" என்று அக்கா கடையே திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினாள். "வெறும் கழித்தல் கணக்கும்மா! இத ஏன் யாரும் சொல்லல?"

நாத்தனார் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் வேலையை விட்டபின் வந்த விஷயங்கள் எல்லாம் பின்பகுதியில் இருந்தன. ஒரே இயந்திரத்துக்குள் பல சர்வர்கள் இருப்பதுபோல் நடத்திக்காட்டும் வித்தை அதில் ஒன்று. உதட்டை மென்றபடி நெடுநேரம் படித்தாள். கேள்விகளுக்கு வந்தபோது, சரியான விடை ஏன் சரி என்பதோடு, தவறான விடைகள் ஏன் தவறு என்றும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தது.

"அண்ணி, உங்களுக்குக் கேள்வி வேணும், இருக்கு. எனக்குக் காரணம் வேணும், அதுவும் இருக்கு."

"அது அட்டை நல்லா இல்லைன்னு யாருமே வாங்கறதில்லம்மா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றார் கடைக்காரர்.

"எங்களுக்கு ஒண்ணு போதும்" என்றாள் நாத்தனார்.

சாயந்திரமானால் இரண்டு பேரும் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா கேள்வி கேட்பாள், நாத்தனார் பதில் சொல்லிவிட்டு, "சரி, ஏன்?" என்று திருப்பிக் கேட்பாள். கணவன் சமையலில் தேறிவிட்டான் என்று சொல்ல முடியாது. பசியில் யாரும் குறை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்கா முதல் தடவையே பாஸ். நாத்தனாருக்குப் பதில் எல்லாம் தெரிந்திருந்தும், ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் யோசித்துக்கொண்டே இருந்ததில் நேரம் போதாமல் போய்விட்டது. தேர்வு மையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடிக்கிறவரை பொறுத்திருந்து, "அடுத்த தேதி எப்போன்னு பாப்போமா?" என்றாள். மறு தடவைக்குள் நாத்தனார் கடிகாரத்தை எதிரே வைத்துக் கேள்விகளை வேகமாகத் தள்ளப் பழகினாள். அண்ணியைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள். அதை எல்லோரிடமும் முதலில் சொன்னது அண்ணிதான். அதற்குள் மேனேஜர் சர்வர் அறையை அண்ணியிடமே ஒப்படைத்திருந்தார்.

ஒரு கண் மருத்துவமனையில் நாத்தனாரை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க என்ற கேள்வி அங்கேயும் வந்தது. "பொண்ண வளத்தேன். இப்ப புதுப் பாடத்திட்டத்துல பரீட்சை எழுதிட்டு வந்திருக்கேன். அதுல என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றாள். கேட்டார்கள். நிறையவே கேட்டார்கள். வேலை கிடைத்தது.

முதல் நாள் மதியமே அக்காவுக்குப் போன் வந்தது. பின்னணியில் விசிறிகளின் இரைச்சல்.

"அண்ணி, சர்வர் ரூம் உள்ள இருக்கேன். கதவு தானாச் சாத்திக்கிச்சு. இழுத்தா வரல, தள்ளினாலும் வரல. பயங்கரமாக் குளிருது. யாரையாவது கூப்பிட்டா முதல் நாளே மானம் போயிடும். இது அந்தப் புத்தகத்துல இல்லையே!"

"பதறாத. கதவுக்குப் பக்கத்துச் சுவத்துல, இடுப்பு உயரத்துல, பச்சையா ஒரு பட்டன் இருக்கான்னு பாரு."

கை சுவரைத் தடவும் சத்தம் கேட்டது. பிறகு க்ளிக் என்று ஒரு சத்தம்.

"திறந்திடுச்சு! அண்ணி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆபீஸில் எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் எவ்ளோ நேரம் உள்ள மாட்டிட்டு நின்னேன்னு உங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது. நீயும் சொல்லிடாத."