படம் தெரியாதவர்களுக்கான நிகழ்ச்சி

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளை ஆண்டெனாக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒளிபரப்புப் பொறியாளர். மாசக் கட்டணமே இல்லாமல் பதினெட்டு சேனல்களைக் காற்றில் அள்ளிவிடுகிற நிலையம். ஆனால் கோபுரத்தைக் குன்றின் மேல் மாற்றியதிலிருந்து, படம் தெரியவில்லை என்று புகார்கள் மலையாகக் குவிந்தன. நேயர்கள் போனில் கேட்கட்டும், ஆண்டெனாக்கா நேரலையில் பதில் சொல்லட்டும் என்றார் இயக்குநர். முதல் அரை மணி நேரம் தேறினால் வாராவாரம் உண்டு, இல்லையென்றால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். பன்னிரண்டு வருஷமாகக் கேமராவுக்குப் பின்னால் நின்றவளுக்கு இது தேற வேண்டும் என்று கொள்ளை ஆசை.

படம் தெரியாதவர்கள் இந்த நிகழ்ச்சியை மட்டும் எப்படிப் பார்ப்பார்கள்? அத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. முதல் போன் வந்ததும்தான் உறைத்தது.

"மேடம், எங்க வீட்டுல படம் பளிச்சுன்னு தெரியுதுங்க."

"சந்தோஷம் சார். உங்க கேள்வி?"

"கேள்வியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சும்மா சொன்னேன்."

அடுத்தவர் சந்தேகப் பேர்வழி. "இலவசம்னா எங்கயோ ஒரு கொக்கி இருக்கணுமே?"

"ஆண்டெனாவும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கினா போதும் சார். அப்புறம் பைசா கிடையாது."

அவர் நம்பவில்லை. மூன்றாவது ஆள் பாட்டு போடச் சொன்னார். கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆண்டெனாக்காவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

நான்காவது போன்.

"ஏம்மா, இப்படி மெலிஞ்சு தெரியுறியே, மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?"

மாமியார்! அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஐயையோ, யாரோ என்னை மாதிரியே டிவியில பேசுறாளே!"

"நீங்கதான் பேசுறீங்க. உங்க குரல் ரெண்டு செகண்ட் கழிச்சு டிவியில வருது. சத்தத்தைக் குறைங்க."

"நான் எங்க குறைக்கிறது? இது எதிர் வீட்டு டிவி. நம்ம வீட்டுல ஒரு மாசமா ஒண்ணுமே தெரியலை. நீ ஊருக்கெல்லாம் வழி சொல்ற!"

தெரியாத ஆள் மாதிரி போனை வைத்துவிடலாம். மானம் கப்பல் ஏறாமல் தப்பும். அவளோ வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"நேயர்களே, இவங்க என் மாமியார். எங்க வீட்டு ஆண்டெனா இன்னும் பழைய கோபுரத்தைத்தான் பாத்துக்கிட்டு நிக்குது. ஞாயித்துக்கிழமை திருப்புறேன், ஞாயித்துக்கிழமை திருப்புறேன்னு என் வீட்டுக்காரர் நாலு ஞாயிறை ஓட்டிட்டாரு. அத்தை, வீட்டுக்குப் போய் அவரை மாடிக்கு ஏத்துங்க. போனை வைக்காதீங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. கேட் திறந்தது. பிறகு, "டேய், குன்று பக்கமா திருப்புடா! அது குன்றாடா? தண்ணித் தொட்டிடா!" என்று மகனை விரட்டுகிற குரல் நாடு முழுக்க ஒலித்தது. இயக்குநர் மேஜையில் குப்புற விழுந்து சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் போன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, பதினொன்றும் எரிந்துவிட்டன. எல்லாம் படம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்களுக்காகவும் சொந்தக்காரர்களுக்காகவும் போன் போட்டவர்கள். ஒருவர் ஓரகத்திக்காக, ஒருவர் ஏணியில் நிற்கும் மச்சானுக்காக. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்தி, 'வாராவாரம்' என்று வாயசைத்தார். அவளுக்கு அங்கேயே எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது.

"அத்தை, ஆண்டெனா குன்று பக்கம் திரும்பிடுச்சில்ல? இப்ப உள்ள போய் ரிமோட்டுல மெனு அமுக்குங்க. ஸ்கேன்னு இருக்கும். அது தானா சேனலைத் தேடும்."

"தேடுது... தேடுது..."

அதற்கப்புறம் ஏதோ சீரியலின் சோக இசைதான் கேட்டது.

"அத்தை? படம் வந்துச்சா?"

இசைக்கு நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அத்தை, லைன்ல இருக்கீங்களா?"

"சும்மா இரும்மா, பேசாத. பாத்துக்கிட்டு இருக்கேன்ல."