வெள்ளைச் சுவரைப் பார்த்து இருபது படங்கள்

அந்த ஷட்டில் ஹாலுக்கு விளக்கு வாங்கிப் போட்ட மகராசன் யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்பேன். கண்ணுக்கு நன்றாகத்தான் எரிகிறது. உண்மையில் செகண்டுக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகிற விளக்கு அது. ஆடுகிறவர்களை கேமராவில் வேகமாகத் தட்டினால் ஒரு படம் பளிச்சென்று வரும், அடுத்த படத்தில் முகமே இருண்டு கிடக்கும்.

அபர்டீன் பஜாரில் பதினாறு வருடமாக போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற இந்த உமா மகேஸ்வரிக்கு இது தெரியாதா? அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்குக் காலையிலேயே போய், விளக்கு துடிக்கிற கணக்குக்கு கேமராவைச் சரிசெய்து வைத்தேன். மத்தியானம் முதல் கேம் முடிகிற சமயம் பத்தி, அதான் கரண்ட், போய் ஜெனரேட்டரைப் போட்டார்கள். இந்தத் தீவில் இருந்துகொண்டு ஜெனரேட்டரை மறந்தேனே, என்னைச் சொல்லவேண்டும். ஜெனரேட்டர் கரண்டில் துடிப்பு வேறு. காலையில் போட்ட கணக்கெல்லாம் பாழ்.

இடைவேளை இரண்டே நிமிடம். பின்கதவை ஒட்டிய வெள்ளைச் சுவரைப் பார்த்து இருபது படம் தொடர்ந்து தட்டினேன். எந்தப் படத்தில் சுவர் வெளுப்பு, எதில் இருட்டு என்று பார்ப்பதற்குத்தான். அந்தச் சோதனைப் படங்களை அன்றன்றே அழித்துவிடுவது என் வழக்கம். அன்றிருந்த எரிச்சலில் அதைக்கூடச் செய்யவில்லை. ஷட்டர் வேகத்தைக் குறைத்து மீதி ஆட்டத்தை எடுத்தேன், எல்லாம் கலங்கிப் போனது. எங்கள் பஜார் பையன் ஆசிம் ஜெயித்தான். அவன் ஜெயித்த படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

மூன்று வாரத்தில் புரோத்ராபூர் ரோட்டில், மழையில் பைக் சறுக்கி ஆசிம் போய்விட்டான். இருபத்திரண்டு வயது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் காலை, அவன் அத்தா ஹபீப் முகம்மது என் கடைக்கு வந்தார். எங்கள் வரிசையிலேயே குடைக்கடை வைத்திருப்பவர். கடையில் உட்காராமல் பேட்டைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் தன்னோடு பேசவேண்டாம் என்று அவர் சொன்னதும், ஒரே வீட்டில் அப்பனும் மகனும் பதினொரு மாதம் முகம் பார்க்காமல் இருந்ததும் பஜாருக்கே தெரியும்.

"உக்காருங்க பாய். படம்தானே? நல்லா வரல. என் தப்புதான்."

"படத்துக்கு வரலம்மா. ஒண்ணே ஒண்ணு தெரியணும்." குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு நானும் வந்திருந்தேன். வீட்ல யாருக்கும் தெரியாது. பின்கதவுகிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்கன்னு வெக்கமாப் போச்சு, கிளம்பிட்டேன். இப்ப உக்காந்தா எந்திரிச்சா அதே நெனப்புதான். அவன் என்னப் பாத்தானா? அத்தா வந்தாருன்னு தெரிஞ்சுதான் போனானா?"

பின்கதவு என்றதும் அழிக்காமல் விட்ட அந்தச் சுவர்ப் படங்கள் ஞாபகம் வந்தன. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக்கொண்டு அந்த இருபது படங்களைத் திறந்தேன். சுவரை மட்டுமே பார்த்திருந்தேன், பாவி. சுவரோரம் பாய் நிற்கிறார், கையில் மடக்கிய குடை. இந்தப் பக்கம் கோர்ட் ஓரத்தில், எனக்கு முதுகு காட்டி, தோளில் துண்டோடு ஆசிம்.

ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வெளிச்சம், இருட்டு, பாதி இருட்டு. ஒன்பதாவதில் அவன் தலை பாயை நோக்கி நிமிர்கிறது. பன்னிரண்டாவதில் பாய் முகத்தைத் திருப்பிவிட்டார். பதினேழாவதில் அவன் பேட் தலைக்கு மேலே நிற்கிறது. கதவைப் பார்த்துத் தூக்கியிருக்கிறான். கதவில் பாயின் முதுகு.

படத்தில் ஒன்றும் விழவில்லை என்று சொல்லிவிடலாமா? வாய்வரை வந்துவிட்டது. பார்த்தான் என்று மட்டும் சொன்னால் காட்டச் சொல்வார். காட்டினால் மீதியையும் பார்ப்பார். ஆனால் நாற்பது நாளாகத் தூங்காத முகம் எதிரில் இருந்தது. பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.

"பாத்திருக்கான் பாய்."

ஒன்பதாவதைக் கண்டதும் "அல்லாஹ்" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார். அழுதார். பிறகு அவரே அடுத்ததற்குத் தள்ளச் சொன்னார். பதினேழு வந்ததும் அழுகை நின்றுபோனது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"நான் திரும்புனதுக்கும் அவன் பேட்டத் தூக்குனதுக்கும் எவ்வளவு நேரம்மா?"

"ரெண்டு செகண்டுல இருபது படம் பாய். பன்னெண்டுலேருந்து பதினேழு, அஞ்சு படம் தள்ளி. அரை செகண்ட்."

"அரை செகண்டு நின்னிருக்கலாம்."

அந்தப் பதினேழாவதைப் பிரிண்ட் போடச் சொன்னார். ரொம்ப இருட்டு, கொஞ்சம் வெளிச்சம் ஏற்றித் தரட்டுமா என்றேன்.

"வேணாம்மா. இருக்கிறபடியே குடு."

கவரில் போட்டுக் கொடுத்தேன். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். படியில் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்று திரும்பினார். கம்ப்யூட்டரில் அந்தப் படம் இன்னும் இருந்தது. அதைப் பார்த்து, குடை பிடித்த கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.