காஞ்சிபுரத்தில் நெய்த ரயில்கார்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் கதிர்காமநாதனிடம் எதையும் கேட்கலாம், நிறத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. வழி கேட்டால் காட்டுவார். வீடு மாற ஆள் கேட்டால் அலுமாரியை முதுகில் ஏற்றிக்கொண்டு படியிறங்குவார். ஆனால் "இந்த ஜாக்கெட் என்ன பச்சையோ அண்ணை?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு. எந்த வெளிச்சத்தில் பார்த்த பச்சை, எத்தனை தரம் தோய்த்த பச்சை என்று தொடங்கினால், கேட்டவருடைய டிராம் வந்து, போய், அடுத்ததும் வந்துவிடும்.

மனுசனுக்கு வேலை ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பிடித்த பிசாசு பிரித்தானியாவின் பழைய டீசல் ரயில்கார். எஞ்சினும் பெட்டியும் ஒரே உடம்பாய், ஒற்றை ஆளாய் ஓடுகிற அந்தக் காலத்து வண்டி. அது எப்படி ஓடியது, எங்கே ஓடியது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. அதற்கு என்ன பெயிண்ட் அடித்திருந்தார்கள் என்பதுதான் கேள்வி. புத்தகங்களைத் திறந்தால் மேலே கிறீம், கீழே சொக்லேட் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தச் சொக்லேட், எந்தக் கிறீம் என்று ஒருத்தனும் சொல்லமாட்டான். படங்களோ கறுப்பு வெள்ளை. இரண்டு நிறத்துக்கும் நடுவில் மெல்லிய தங்கக் கோடு ஒன்று இருந்ததா இல்லையா என்பது பெரிய வழக்கு. இருந்தது என்பது கதிர்காமநாதன் கட்சி. இல்லவே இல்லை என்பது, அவரைப் போலச் சின்ன ரயில் மாதிரிகள் செய்கிறவர்களின் சங்கத்துச் செயலாளர் பீலிக்ஸின் கட்சி. இரண்டு கட்சியிடமும் ஆதாரம் கிடையாது, ஆனபடியால் சண்டை நன்றாக நடந்தது.

இப்படியிருக்கையில் மகள் நிருஷாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை முகுந்த் மியூனிக்கில் வேலை செய்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளை. மாப்பிள்ளையின் தாய் ரமா வீடியோவில் ஒருநாள், "எங்க சைடு லேடீஸ் எல்லாம் ஒரே மாதிரி பட்டுதான் சம்பந்தி, ஆர்டர் குடுத்தாச்சு," என்று சொன்னாள். அவ்வளவுதான். கதிர்காமநாதனின் மனைவி ரஞ்சினி கண் வெட்டாமல், "நாங்களும் அப்பிடித்தான்," என்றுவிட்டாள். அந்த நிமிஷம்வரை அப்படி ஒரு யோசனை அவளுக்கு இருக்கவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. சொந்தக்காரப் பெண்கள் எல்லாரையும் வாட்ஸப்பில் ஒரு குழுவாக்கி, நிறம் தெரிவுசெய்ய ஒரு பாராளுமன்றமே கூடியது. கிழமைக்கணக்கில் அடிபட்டுக் கடைசியில் மயில்கழுத்து நீலம் என்று முடிவானது. காஞ்சிபுரத்தில் ஒரு கடை நெய்து அனுப்புவதாகச் சொன்னது. ரஞ்சினி போனில் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தால் கதை இந்த இடத்தில் முடிந்து எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள். கதிர்காமநாதன் விட்டால்தானே.

"போன் படத்தை நம்பி நிறம் குடுக்கிறதோ? ஒவ்வொரு போனிலை ஒவ்வொரு நீலம் தெரியும். நான் அட்டையிலை பெயிண்ட் பண்ணித் தாறன். அதைத் தபாலிலை அனுப்புவம்," என்றார்.

"செய்யுங்கோ," என்றாள் ரஞ்சினி. அவர் ஆசைப்பட்டுக் கேட்கிறாரே என்று சொன்ன சொல் அது. அதை நினைத்து நினைத்து அவள் பிறகு தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மனுசன் நல்ல தடித்த அட்டை ஒன்றை எடுத்து, அதில் மயில்கழுத்து நீலத்தைக் குழைத்துக் குழைத்துப் பூசினார். அசல் மயில் வந்து பார்த்தாலும் குறை சொல்லாது. நிறமே பேசும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. கெட்டித்தனம் அந்த மட்டில் சரி. ஆனால் நல்ல அட்டையை வீணாக்கக் கூடாது என்று அவர் எப்போதும் இரண்டு பக்கமும் பாவிக்கிற ஆள். மற்றப் பக்கத்தில் பதினேழாம் இலக்க ரயில்கார் இருந்தது. கிறீம், சொக்லேட், நடுவில் தங்கக் கோடு, வரிசையாக ஜன்னல்கள், எது எத்தனை மில்லிமீற்றர் என்று அம்புக்குறிகள், கீழே சிவப்பு எழுத்தில் தமிழில், "இதில் ஒரு இம்மியும் மாறப்படாது."

காஞ்சிபுரத்துக் கடைக்காரர் பாவம், நல்ல மனுசர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலஞ்சல் அனுப்பினார். "சார், இந்த டிசைன் நாங்க இதுவரைக்கும் பண்ணதில்லை. கன்ஃபார்ம் தானுங்களா?"

வெறும் நீலத்தில் என்ன டிசைன் என்று கதிர்காமநாதன் ஒரு கணம் யோசித்திருக்கலாம். அவரோ, இவன் கையிலிருக்கிற பழைய சரக்கைத் தள்ளப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினார். "அட்டையிலை உள்ளபடி. அவ்வளவுதான்," என்று கண்டிப்பாகப் பதில் அனுப்பிவிட்டு, கடைக்காரனை மடக்கிய கதையை ரஞ்சினியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

பார்சல் சுங்கத்தில் கிடந்து கிடந்து, கலியாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்க்க ரஞ்சினியின் சிநேகிதி ஜசிந்தாவும் வந்திருந்தாள். முதல் சேலையை விரித்தார்கள். மேலே கிறீம், கீழே முழங்கால்வரை சொக்லேட், நடுவில் சரிகைக் கோடு. கோட்டுக்கு மேலே சேலையின் நீளத்துக்கும் சதுரம் சதுரமாக ஜன்னல்கள். முந்தானையில் பெரிதாகப் பதினேழு. அடுத்த சேலையிலும் பதினேழு. அதற்கடுத்ததிலும்.

ஜசிந்தா ஒன்றை இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். "அண்ணை, எனக்குச் சுத்திவர ஜன்னல் போகுது. பின்னாலை ஆரும் தட்டி டிக்கெட் கேட்டால் நான் என்ன செய்யிறது?"

கதிர்காமநாதன் மண்டையில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கை தன்பாட்டில் சேலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தது. "சொக்லேட் அச்சொட்டாய் வந்திருக்கு," என்றது வாய்.

அதோடு ரஞ்சினி அவருடன் பேச்சை நிறுத்தினாள்.

சண்டை பிடித்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவளுடைய மௌனம் ஆளைக் கொன்றது. "பிள்ளை, அப்பாவிட்டைச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு," என்று மகள்மூலம் தூது வந்தது. மகள் வீட்டில் இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து, "இந்த வீட்டிலை ஆரோ குப்பை வாளியை வெளியிலை வைக்க வேணும்," என்றாள். அவர் பின்னாலேயே திரிந்து, "ரஞ்சினி, ஒரு வார்த்தை சொல்லுமன்," என்று கெஞ்சினார். அவள் பூமாலைக்காரனுக்குப் போன் எடுத்தாள். கலியாண வீட்டில் சம்பந்தி முன்னால் அவள் தலை குனிய வேண்டி வந்தால், இந்த ஆயுளுக்கு இனித் தன்னோடு பேச மாட்டாள் என்று மனுசனுக்குப் பயம் பிடித்தது. ரயில்கார் மாதிரிகளை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிடக்கூட அந்த நேரத்தில் தயாராய் இருந்தார்.

ஆளுக்கு ஒரு நிறத்தில் உள்ள சேலையைக் கட்டிக்கொண்டு போவதா, ஒரே மாதிரி ரயிலைக் கட்டிக்கொண்டு போவதா என்று பெண்கள் குழு மீண்டும் கூடியது. ஒரே மாதிரி என்று சம்பந்திக்குச் சொல்லியாயிற்று. ரயில் வென்றது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. மேளம் முழங்க, பெண் வீட்டுப் பெண்கள் தட்டங்களை ஏந்திக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். முன்னால் ஜசிந்தா, நடுவில் ரஞ்சினி, பின்னால் மாமிமாரும் மச்சாள்மாரும். ஒருத்தியின் ஜன்னல் முடிகிற இடத்தில் மற்றவளின் ஜன்னல் தொடங்கியது. தங்கக் கோடு அறுபடாமல் ஓடியது. வரிசை மணவறையைச் சுற்றி வளைந்து திரும்பியபோது கதிர்காமநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலம் கறுப்பு வெள்ளையில் பார்த்து ஏங்கிய வண்டி, கண்முன்னால் கலரில், மல்லிகைப்பூ மணக்க மணக்க வருகிறது. சந்தோஷத்தை எவரிடமும் சொல்லவும் ஏலாது, முகத்தில் காட்டவும் ஏலாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ரமா எழுந்து நேரே ரஞ்சினியிடம் வந்தாள். சேலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த மாதிரி நான் எங்கயுமே பார்த்ததில்லைங்க சம்பந்தி. உங்க யாழ்ப்பாணத்து வழக்கமுங்களா?"

ரஞ்சினி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஓம். பொம்பிளை வீட்டுக்காரர் இப்பிடித்தான் உடுக்கிறது."

"அடடா. இதுக்கெல்லாம் அர்த்தம் இருக்குமில்லைங்க?"

ரஞ்சினியின் கண் மெல்லத் திரும்பிப் புருஷனிடம் வந்து நின்றது. மூன்று நாளில் முதல் தடவை.

கதிர்காமநாதன் ஆதாரமில்லாமல் ஒரு சொல் பேசாத மனுசன். கறியில் உப்புப் போதுமா என்று கேட்டாலே இரண்டாம் வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த மனுசன் தொண்டையைச் செருமினார்.

"கீழை இருக்கிறது மண்," என்றார். "பிள்ளை பிறந்த மண். மேலை இருக்கிறது பால். வாழப் போற வீட்டிலை பொங்கிற பால். நடுவிலை போற தங்கக் கோடு ரெண்டு வீட்டையும் பிரிக்கேல்லை, சேர்த்துப் பிடிச்சிருக்கு."

"ஜன்னலுங்க?"

அவர் மணவறையில் இருந்த மகளைப் பார்த்தார். "பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும், தாய் வீட்டு ஜன்னல் திறந்துதான் இருக்கும் எண்டு சொல்லுறது."

ரமாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தானையைக் காட்டினாள். "அந்தப் பதினேழு?"

இதற்கு அவரிடம் சரக்கில்லை. பதினேழு என்றால் பதினேழாம் வண்டி.

"செல்வம் பதினாறு," என்றாள் ரஞ்சினி பட்டென்று. "பதினேழாவது மருமகன்."

ரமா அப்படியே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா பீலிக்ஸ் கமராவும் கையுமாக வர வேண்டும்? சங்கத்துச் செயலாளர் என்று மரியாதைக்கு அழைத்திருந்தது. ஆளுக்குக் கண் கலங்கியிருந்தது. கதிர்காமநாதனின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, ஜெர்மனில் படபடவென்று பொழிந்தார். தன் வாழ்நாளில் இப்படி ஒரு கௌரவத்தை எந்த ரயில்காருக்கும் ஒருவரும் செய்ததில்லை, ஆனாலும் நட்பு வேறு, உண்மை வேறு, அந்தக் கோடு பிழை, பிழை, பிழை.

"இவர் என்னங்க சொல்றாரு?" என்றாள் ரமா.

"பிள்ளையள் நீடூழி வாழ வேணும் எண்டு வாழ்த்துறார்," என்றார் கதிர்காமநாதன்.

ரமா பீலிக்ஸைக் கைகூப்பிக் கும்பிட்டாள். தன் கட்சி வென்றுவிட்டது என்று நினைத்துப் பீலிக்ஸும் கும்பிட்டார்.

தாலி கட்டி, சாப்பாடும் ஒரு பந்தி முடிந்தது. கோயம்புத்தூர் வரவேற்புக்குத் தன் பக்கத்துப் பெண்களுக்கும் இதே சேலைதான் வேண்டும் என்று ரமா அடம்பிடித்து, கடையின் விலாசத்தையும் வாங்கிவிட்டாள். கதிர்காமநாதன் ஒரு மூலைக் கதிரையில் தனியே குந்தியிருந்தார். பொய் சொன்ன வாய் கசந்தது. இதை நாளைக்கு ஆராவது எழுதி வைத்தால், அதைப் பார்த்து இன்னொருத்தன் எழுதுவானே என்ற கவலை வேறு.

பக்கத்துக் கதிரையில் யாரோ தொப்பென்று இருந்தார்கள். ரஞ்சினி. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். முழங்காலுக்கு மேல் ஓடிய சரிகைக் கோட்டைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "அந்த வண்டியிலை உண்மையா இந்தக் கோடு இருந்ததோ?"

பாதிக் கலியாண வீட்டுக்கும் புளுகியாயிற்று. இவளிடம் ஏலாது.

"தெரியாது, ரஞ்சினி. ஆருக்கும் தெரியாது. இருந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன், அவ்வளவுதான்."

ரஞ்சினி சேலையைக் கொஞ்சம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவர் பார்ப்பது போலவே தலையைச் சரித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, நேரமெடுத்துப் பார்த்தாள்.

"இருந்திருக்கும்," என்றாள். "கோடில்லாட்டி ரெண்டும் ஒண்டோடை ஒண்டு ஒட்டாது. வாங்கோ, சாப்பிடுவம்."