வெள்ளைத்தாயின் மனுவுக்கு நான்கு வரைவுகள்

1

இந்தக் கதையை நான் எழுதக்கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் அக்தர் பேகம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு எழுதிக் கொடுப்பேன். மற்ற நாட்களில், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கதை எழுதுவேன். இரண்டையும் இதுவரை கலந்ததில்லை. மனுவுக்காக என்னிடம் சொன்னதை ஒருவர் கதைக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். வெள்ளைத்தாயிடம் கேட்கவுமில்லை.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆமத்தூர் என்று வருமிடத்தில் வேறு ஊரை வைத்துப் படித்தாலும் கதை கெடாது.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "துப்பாக்கிக்கு ஓட்டுரிமை கிடையாது, ஆனாலும் தேர்தல் வந்தால் அதுவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்..."

கெட்டிக்காரத்தனமான வரி. வெள்ளைத்தாய் என் முன்னால் உட்கார்ந்திருந்த விதத்துக்கும் இந்த வரிக்கும் சம்பந்தமில்லை. அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

2

வெள்ளைத்தாய்க்கு ஐம்பது வயதிருக்கும். ஆமத்தூரிலிருந்து கம்பெனி வேனில் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். கணவர் காசிராஜன் அதே கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருந்தார். அது போக இரண்டு ஏக்கர் கிணற்றுத் தோட்டம், மக்காச்சோளம். அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்சோடு, அவர் பேருக்கு மாறி வந்திருந்தது. காட்டுப்பன்றியைச் சுடுவதற்கில்லை, வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டத்தான்.

போன மார்கழியில் கதிர் பிடித்த நேரம் பன்றிகள் இறங்கிவிட்டன. காசிராஜன் நான்கு நாள் துப்பாக்கியோடு காவலிருந்தார். ஐந்தாம் நாள் காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கம்பெனியில் ஆர்டர் அவசரம். வெள்ளைத்தாயின் தம்பி முனியராஜ், மச்சான் தூங்கட்டும், இன்றைக்கு அவர் வேலையை நான் பார்க்கிறேன் என்று அக்காவோடு வேனில் ஏறினான்.

பதினோரு மணிக்கு அந்த அறை வெடித்தது.

வெள்ளைத்தாய் அதே வளாகத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வெளியே ஓடிவந்து, புகை வருவது எத்தனையாவது அறை என்று எண்ணினாள். தன் வீட்டுக்காரரின் அறை. அவர் வீட்டில் தூங்குகிறார் என்ற நினைப்பு வந்தது. ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம்தான் தம்பியின் நினைவு வந்தது. அந்த முதல் கணத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துச் சொன்னாள்.

காசிராஜனை யாரும் குற்றம் சொல்லவில்லை. வெள்ளைத்தாயும் சொல்லவில்லை. அவள் பெருந்தன்மையை ஊரே பேசியது. அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். அறுவடை முடிந்த பிறகும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பம்புசெட் அறைக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு மத்தியானம் சோறு கொண்டுபோனவள் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துக் கூப்பிட்டாள். பதில் வர வெகுநேரம் ஆயிற்று. துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். இன்னொரு நாள், கேட்காமலே, பட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது, ரேஷன் கார்டு எங்கே என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

அதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. தோட்டாக்களை அரிசிப் பானைக்குள் போட்டாள். அவர் எடுத்துவிட்டார். இரண்டு பேருமே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. தேர்தல் நல்லது என்று அவள் நினைத்தது அந்த ஒரு முறைதான்.

முடிவு அறிவித்துக் கொஞ்ச நாளில் ஸ்டேஷனிலிருந்து போன். வந்து வாங்கிக்கொள்ளலாம். அன்று காசிராஜன் தாடியை எடுத்தார். வெளுத்த வேட்டியை எடுத்து வைத்தார். புதன்கிழமை போகலாம் என்று அவளிடம் சிரித்த முகமாகச் சொன்னார். அத்தனை மாதமாக அந்த முகத்தில் அவள் பார்க்காத தெளிவு. அது முடிவெடுத்துவிட்டவரின் தெளிவு என்று அவளுக்குப் பட்டது. திங்கட்கிழமை, சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் திருப்பித் தரவேண்டாம் என்று மனு எழுத என் கடைக்கு வந்தாள்.

3

இங்கே பெத்தணனைக் கொண்டுவர வேண்டும். இவரை நான் முதலில் தப்பாக எழுதிவிட்டேன். பெரிய மீசை, உரத்த குரல், துப்பாக்கி இருந்தால்தான் ஆம்பளை என்கிற பேச்சு. அப்படி எழுதினால் வாசகர் யார் பக்கம் நிற்பது என்று எளிதாகத் தெரிந்துவிடும். உண்மையான பெத்தணன் மெல்லப் பேசுகிறவர். மல்லாங்கிணற்றுக்காரர். மூன்று ஏக்கர் சோளம் பன்றிகளால் இரண்டு வருடமாக வீட்டுக்கு வரவில்லை. அவரும் அதே திங்கட்கிழமை, அதே பெஞ்சில், துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனு எழுத உட்கார்ந்திருந்தார்.

பட்டாசு வெடித்து விரட்டலாமே என்றேன், டைப் அடித்துக்கொண்டே. இந்தப் பக்கத்துப் பன்றிகள் பட்டாசுக்குப் பயப்படுவதில்லை என்றார். நாள் முழுக்கக் கம்பெனிகளில் வெடித்துப் பார்க்கிற சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவை. அவர் சிரிக்கவில்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை. நகைக்கடைக்காரருக்குக் கொடுக்கிறார்கள், ரைஸ்மில் முதலாளிக்குக் கொடுக்கிறார்கள், வெள்ளாமையை இழந்தவன் கேட்டால் மட்டும் ஊருக்கு ஆபத்து என்கிறார்கள் என்று கேட்டார்.

வெள்ளைத்தாய் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்க வீட்ல இருக்குண்ணே. அது வந்த நாள்லருந்து பன்னி வரத்தான் செய்யுது."

"இருக்கவுகளுக்கு அப்படித்தான் தெரியும் தாயி. இல்லாதவன் பாடு வேற."

"காவலுக்கு எத்தன நாளு அதக் கையில வச்சிருப்பீக?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம்."

"மிச்ச மாசம் பூராவும் அது வீட்லதான இருக்கும்?"

பெத்தணன் யோசித்தார். பூட்டி வைப்பேன் என்றார். சாவி யாரிடம் இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். அவருடைய மனுவைக் குறையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். நல்ல மனு. என் விரல்கள் ஒரே காலையில் துப்பாக்கி வேண்டும் என்று ஒன்றும், வேண்டாம் என்று ஒன்றும் அடித்தன. எதிலும் பிழை இல்லை.

(துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் இரண்டு பேரை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். சுடுகிறவன் ஒருவன், சுடப்படுகிறவன் ஒருவன். காசிராஜன் வீட்டில் இரண்டும் ஒரே ஆளாகிவிடும் என்றுதான் அவள் பயந்தாள். அந்தப் பயத்தை எழுத எந்த மனுவிலும் இடம் ஒதுக்கியிருக்கவில்லை.)

4

முதல் வரைவு: "என் கணவர் மனநிலை சரியில்லாத காரணத்தால்..."

"பைத்தியம்னு எழுதாதீகம்மா. விசாரணைக்கு ஊருக்கு வருவாக. டீக்கடையில அவருக்கு டீ ஊத்த யோசிப்பாக." கிழித்தேன்.

இரண்டாம் வரைவு: "குடும்பத் தகராறு காரணமாக என் உயிருக்கு..." இதை நான்தான் யோசனையாகச் சொன்னேன். இப்படி எழுதினால் உடனே நடவடிக்கை எடுப்பார்கள். இருபத்தெட்டு வருடத்தில் தன்மேல் கை வைக்காத மனுசன் என்று அவள் பேனாவின் மேல் கையை வைத்தாள்.

மூன்றாம் வரைவு: "இனி விவசாயம் செய்யும் எண்ணம் இல்லாததால் துப்பாக்கி தேவையில்லை, அரசிடமே ஒப்படைக்கிறேன்." மானம் கெடாத பொய். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இதில் கையெழுத்துப் போட வேண்டியவர் காசிராஜன். அவளிடம் அதைச் சொன்னதும், தாளை நான்காக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அவள் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. புதன்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருக்கிறது. அவர் மனத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிவிக்கிற தாளை நான் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதைப் படித்த பிறகு துப்பாக்கிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவருக்கு என்ன கட்டாயம்? கிணறு இருக்கிறது. ரயில் இருக்கிறது.

செவ்வாய் முழுக்க யாருக்கு என்ன மனு எழுதினேன் என்று நினைவில்லை.

5

செவ்வாய்க்கிழமையே ஒரு முடிவை எழுதிவிட்டேன், பயம் தாளாமல். "காசிராஜன் தாளைப் படித்தார். கண்ணீர் பெருகியது. நடுங்கும் கையால் கையெழுத்திட்டு, வெள்ளைத்தாயின் தோளில்..."

அந்தத் தோளுக்குமேல் வாக்கியம் நகரவில்லை. அவர் அப்படி அழுகிற ஆளாக இருந்திருந்தால் அவள் என் கடைக்கு வந்தே இருக்கமாட்டாள்.

வேறொரு முடிவும் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். என்னவென்று சொல்லமாட்டேன்.

6

புதன்கிழமை காலை பத்தரைக்கு இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். காசிராஜனை நான் அதுவரை பார்த்ததில்லை. உயரமான மனிதர், தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றார். பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை வெள்ளைத்தாய் பிறகு, அவர் டீ வாங்கப் போன நேரத்தில், சொன்னாள்.

திங்கட்கிழமை அவள் தாளைக் கொடுக்கவில்லை. தைரியம் வரவில்லை. செவ்வாய் காலை அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்ததும் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். விவசாயம் செய்யும் எண்ணம் இல்லை என்று யார் சொன்னது என்று கேட்டார். அவள் சொல்ல நினைத்து வைத்திருந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"முனியராசு செத்ததுக்கு உங்களக் குத்தம் சொல்லலன்னு ஊரே என்னயப் பெருமையாப் பேசுது. நான் சொல்லலதான். ஆனா நெனச்சேன். தெனமும் நெனச்சேன்."

"தெரியும்" என்றார் அவர்.

"இப்ப நெனைக்கல. நீங்களும் போயிட்டீகன்னா மறுபடி நெனைப்பேன். நான் சாகுற மட்டும் நெனைப்பேன்."

பன்னி வந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். வரட்டும், தின்றுவிட்டுப் போகட்டும் என்றாள். பொழுது சாயும்போது அவராகவே பேனா கேட்டார். நான் அடித்துக் கொடுத்திருந்த வரிகள் முழுவதன்மேலும் ஒரு கோடு போட்டு, கீழே தன் கையால் எழுதினார். அதுதான் நான்காம் வரைவு:

"துப்பாக்கி இப்போதைக்கு வேண்டாம். ஸ்டேஷனிலேயே இருக்கட்டும். இப்படிக்கு, காசிராஜன்."

புதன்கிழமை வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அவளோடு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த ஏட்டு நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். வைத்திருக்கலாம், ஆனால் 'இப்போதைக்கு' என்றால் எது வரைக்கும்? தேதி போட்டு ஒழுங்காக எழுதிக் கொண்டுவாருங்கள். அதற்காகத்தான் என்னிடம் வந்திருந்தார்கள்.

7

அவர் டீயோடு வந்தார். எனக்கும் ஒன்று வாங்கியிருந்தார். திருத்தமாக ஒரு மனு அடித்தேன், காரணம் என்று எதையும் எழுதாமல். தேதி வரவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தேன். வெள்ளைத்தாய் அவரைப் பார்த்தாள். காசிராஜன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். தாளைக் கிழிக்கிற காலண்டர். அதில் அன்றைய தேதி மட்டும்தான் தெரிந்தது.

"அங்கன போயி எழுதிக்கிடுறோம்" என்றார்.

இடத்தைப் புள்ளிகளாக விட்டுக் கொடுத்தேன். தாளின் பின்பக்கம், பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்த அறையில் இருப்பார் என்று பென்சிலால் எழுதினேன். அவர் அதைப் படித்தார். அழிக்கச் சொல்லவில்லை. வெயிலில் இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் பக்கம் போனார்கள், அவள் முன்னால், அவர் இரண்டடி பின்னால்.

அவர்கள் என்ன தேதி போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆமத்தூர் இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். போய்க் கேட்கலாம். போகவில்லை. போகாத வரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அது தப்பான கணக்கு என்பதும் தெரியும்.

என்னிடம் இருக்கும் பிரதியில் அந்த இடம் இன்னும் இப்படித்தான் இருக்கிறது:

"மேற்படி துப்பாக்கியை ....................... வரை நிலையத்தின் பொறுப்பிலேயே வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நிரப்ப எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். எந்தத் தேதியானாலும் சரி. ரொம்பக் கிட்டத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.