செண்பகனூர் வீட்டுக்கு ஒரு டிரஸ்ட்

பழனி மலைத்தொடருக்கும், அதன் அடிவாரத்து ஊர்களுக்கும், இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைகள் அனைத்துக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: கொடைக்கானல் பஜாரில் நாற்பது ஆண்டுகளாகக் கம்பளியும் தைலமும் விற்றுவரும் ஹாஜி தஸ்தகீர் அவர்கள், செண்பகனூரில் உள்ள ஆறு அறைத் தங்கும் விடுதியைச் சூரிய சந்திரர் உள்ளவரை சிதறாமல் காக்கும் பொருட்டு, வரும் வியாழக்கிழமை ஒரு குடும்ப டிரஸ்டிடம் ஒப்படைக்கிறார்கள். விழா உண்டு. பிரியாணி உண்டு. ஃப்ளெக்ஸும் உண்டு.

ஃப்ளெக்ஸில் நடுவே தஸ்தகீர், இருபுறமும் மகன்கள் ரஷாத், சஃபீர். மகள் சுலைகா படத்தில் இல்லை. ஃப்ளெக்ஸ் கட்டியவனுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் கைவிட்டதால் திரும்பி வந்த நாளிலிருந்து, பதினேழு வருடமாக அந்த விடுதியை நடத்துபவள் அவள்தான். சீசனில் லாரித் தண்ணீருக்கு நிற்பது, அடைத்த குழாயைக் குத்துவது, விடியுமுன்னே வெந்நீர் வரவில்லையென்று கத்துகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் அவள் பாடு. அண்ணனும் தம்பியும் மே மாதம் குடும்பத்தோடு வந்து, தலையணை கல்லுமாதிரி இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

புதன்கிழமை காலை ஹாலில் கூட்டம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆலோசகர் சந்தோஷ்குமார் கோட்டு போட்டுக்கொண்டு, சுவரில் படம் காட்டினார். படத்தில் ஒரு குடை. குடைக்குக் கீழே வீடு. வீட்டுக்கு முன்னால் இரண்டு ஆண்கள். 'லெகஸி' என்று அவர் சொன்னபோதெல்லாம் தஸ்தகீர் தாடியைத் தடவிக்கொண்டார்.

டீ கொடுக்க வந்த சுலைகா, மேசையில் கிடந்த முப்பத்துநாலு பக்கப் பத்திரத்தைப் புரட்டினாள். டிரஸ்டிகள், மகன்கள். பயனாளிகள், மகன்களும் அவர்களின் ஆண் வாரிசுகளும். பத்தொன்பதாம் பக்கத்தில்தான் அவள் வந்தாள்: 'நிறுவனரின் மகள், டிரஸ்டிகள் விரும்பும் காலம்வரை, ஓர் அறையில் தங்க அனுமதிக்கப்படலாம்.'

டீத்தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தா, அனுமதிக்கப்படலாம்னா என்ன அர்த்தம்?"

"உனக்கு ரூம் உண்டுன்னு அர்த்தம், தாயி."

"விரும்புற வரைக்கும்னு போட்டிருக்கே. யாரு விரும்புறது?"

ரஷாத் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாங்கதான். உன்னைய வெளிய போன்னா சொல்லப்போறோம்?"

"சொல்லமாட்டீங்கன்னா எதுக்குண்ணே எழுதிவைக்கிறீங்க?"

சந்தோஷ்குமார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "மேடம், எமோஷனலா பாக்காதீங்க. இது புரொடக்‌ஷன். பொம்பளப் பிள்ளைகளுக்குப் பங்கு போச்சுன்னா அசெட் துண்டுதுண்டா ஆயிடும்."

"யாருகிட்டருந்துங்க புரொடக்‌ஷன்? சீசன்ல கக்கூஸ் கழுவ ஆளு வரலன்னா யாரு கழுவுறதுன்னு அந்தக் குடைக்குத் தெரியுமா?"

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அத்தா, ஆம்பளைக்கு ரெண்டு, பொம்பளைக்கு ஒண்ணுன்னு ஆண்டவன் வச்ச கணக்கு. அந்த ஒண்ணைப் பத்தி நான் என்னைக்காவது வாயத் தொறந்திருக்கேனா? இப்ப அந்த ஒண்ணையும் கோட்டுப் போட்டவரு எடுத்துட்டாரு. ரெண்டு தடவ ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தது இதுக்குத்தானா?"

தஸ்தகீர் எழுந்துவிட்டார். "ஏய், யாருகிட்டப் பேசுற? என் சொத்து! நான் மவுத்தாகுறதுக்கு முந்தி யாருக்கு வேணாலும் குடுப்பேன். நாளைக்குப் பத்தரைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல டோக்கன் போட்டாச்சு. வெரசாக் கையெழுத்தப் போடு."

சுலைகா பேனாவை எடுத்தாள். எடுத்தவள் நின்றாள்.

"உங்க சொத்துன்னா என் கையெழுத்து எதுக்கு?"

"சும்மா ஃபார்மாலிட்டி மேடம்," என்றார் சந்தோஷ்குமார், சுவரைப் பார்த்து.

அவள் கடைசித் தாளை உருவினாள். அது டிரஸ்ட் பத்திரத்தில் சேர்ந்ததே இல்லை. தனி விடுதலைப் பத்திரம். உரக்கப் படித்தாள்: "என் தாயார் காலஞ்சென்ற சபுரா பீவி வழியில் எனக்குப் பாத்தியப்பட்ட பாகத்தை, எவ்விதப் பிரதிபலனும் இன்றி..."

சங்கதி இதுதான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கம்பளி வியாபாரம் படுத்து, வங்கி ஜப்திக்கு வரும் என்ற பேச்சு கிளம்பியதும், தஸ்தகீர் அந்த விடுதி வீட்டைத் தானப் பத்திரமாக மனைவி பேருக்கு எழுதிப் பதிந்துவைத்தார். வங்கித் தொல்லை தொலைந்தது. மூன்று வருடத்துக்கு முன் மனைவியும் போய்ச் சேர்ந்தார். வீடு மார்க்கச் சட்டப்படி புருஷனுக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாகப் பிரிந்தது. ஒளித்துவைத்தவர் ஒளித்துவைத்ததையே மறந்துபோனார். வில்லங்கச் சான்று மறக்கவில்லை. சந்தோஷ்குமார் அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தத் தாளைச் செருகியிருந்தார். வீட்டு வரி ரசீதில் வருடா வருடம் அம்மா பேரைப் பார்த்த சுலைகாவும், ஏதோ பேர் மாற்றாமல் கெடக்கு என்றே இத்தனை நாள் இருந்துவிட்டாள்.

"அது பேருக்கு எழுதுனது!" என்று கத்தினார் தஸ்தகீர்.

"பேங்க்காரன் வந்தப்ப நெசமா எழுதுனதுன்னுதானத்தா சொன்னீங்க?"

பேனாவை மூடி சந்தோஷ்குமாரின் கோட்டுப் பையில் செருகினாள். விடுதலைப் பத்திரத்தை நாலாகக் கிழித்தாள். "எனக்குச் சோலி கெடக்கு. நாலாம் நம்பர் ரூம்ல வெந்நி கேக்குறாங்க."

சஃபீர் பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, அத்தா மானம் போயிரும்க்கா. ஊர்பூராப் பத்திரிகை குடுத்தாச்சு."

"என்னைய ஒரு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுறப்ப எனக்கு மானம் இருக்குன்னு ஒருத்தருக்கும் தோணலயாடா? பிரியாணியப் போடுங்க. வர்றவன் தின்னுட்டுப் போவான். டிரஸ்ட்டு என்னாச்சுன்னு எவனும் கேக்கப்போறதில்ல."

எவனும் கேட்கவில்லை. வியாழக்கிழமை இருநூறு பேர் வந்தார்கள், தின்றார்கள், கறி பஞ்சுபோல இருந்ததென்றார்கள். தஸ்தகீர் மைக்கைப் பிடித்து, தாம் கட்டிக்காத்த சொத்தைப் பற்றியும் வருங்காலத் தலைமுறைகளைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினார்.

அந்த வீட்டில் அவருக்கு உள்ளது கால் பங்கு.