பரிந்துரைத்தவர் பெயர்

என் மனைவி ‘2’ எழுதினால் அதன் அடிக்கோடு தேவைக்கு மேல் நீண்டு, பக்கத்து எழுத்தின் காலடிவரை போகும். ஆயிரம் தாளுக்கு நடுவே போட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்த நம்பிக்கையில்தான் எல்லாம் நடந்தது.

அவள் உயர்நிலைப் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை முதல் வருடத்திலேயே பிடித்து, பன்னிரண்டை முடித்துக் கல்லூரிக்குப் போகும்வரை என்னென்ன படிக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஆளுக்கொரு பச்சைக் கோப்பு. உள்ளே ஒரு தாள், வருடத்துக்கு ஒன்றாக நான்கு கட்டங்கள். எட்டாம் வகுப்பின் கடைசியிலேயே போய்ப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வருவாள். விடுமுறையில் பாடங்களைத் தன் கையால் நிரப்பி வைப்பாள். பள்ளி திறந்ததும் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விளக்கிக் கையெழுத்து வாங்குவாள்.

இந்த வருடம் நிரப்பி வைத்தாள். அதோடு சரி. பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தபோது பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள். மூளையில் ஏதோ நரம்பு என்றார்கள். நாற்பது நிமிடத்தில் உயிர் போனது. எனக்குத் தகவல் வந்தது ஐம்பதாவது நிமிடத்தில்.

அதற்கு மூன்றாவது வாரம் துணைத் தலைமை ஆசிரியை போன் செய்தார். என் மனைவியின் தோழி. எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலியே உண்டு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“தம்பி, இருபத்தி மூணு கோப்பு அப்படியே கிடக்கு. புது ஆள் போட நாளாகும். நீங்க காலேஜ் அட்மிஷன்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா? புதன்கிழமை மதியம் மட்டும் வந்து கையெழுத்து வாங்கிக் குடுங்க. அவ ஆரம்பிச்சது பாதியில நிக்கக் கூடாது.”

சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொன்னேன். தண்ணீர் கேன் போடுகிறவர் வழக்கம்போல ரெண்டா என்றார். அதற்கும் சரி. இன்னும் ஒன்று திறக்காமல் கிடக்கிறது.

வழிகாட்டி அறையின் சுவரில் அவள் படத்தை மாட்டியிருந்தார்கள். அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. அவளுக்குப் பிடிக்காத படம். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பள்ளியை முடிக்க எத்தனை பாடம் தேற வேண்டும், எந்த வருடம் எந்தத் தேர்வு, கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம். பெரும்பாலும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

“சார், நீங்கதான் மிஸ்ஸோட வீட்டுக்காரரா?”

“ஆமா.”

“உங்களைப் பத்தி மிஸ் சொல்லியிருக்காங்க.”

“என்ன சொன்னாங்க?”

“பேசவே மாட்டீங்கன்னு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“பாத்தீங்களா,” என்றாள்.

என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். லிஃப்ட் என்றாள். அவர்கள் வீடு எட்டாவது மாடியில். லிஃப்ட் இரண்டு வருடமாக ஆறாவது மாடியோடு நின்றுவிடுகிறது.

“ரிப்பேர்காரர் வருவாரு, ரெண்டு தட்டு தட்டுவாரு, போயிடுவாரு. தட்டுனா ஓடற லிஃப்ட் எதுக்கு சார்? நிக்காத லிஃப்ட் நான் செய்வேன். மிஸ்கிட்ட சொன்னேன். உன் லிஃப்ட்ல நான்தான் முதல்ல ஏறுவேன்னாங்க.”

தாளை அவள் பக்கம் திருப்பினேன். கட்டங்களில் பாடப் பெயர்கள் இல்லை, குறியீடுகள்தான் இருந்தன. அவள் விரல் முதல் கட்டத்தில் நின்றது.

“க-12ன்னா என்ன சார்?”

“ஒன்பதாவது கணக்கு.”

“க-11னு ஒண்ணு இருக்காமே. என் ஃப்ரெண்டுக்கு அதான் போட்டிருக்கு.”

“மிஸ் உனக்குன்னு யோசிச்சுப் போட்டது. அவங்க எழுத்துதான், பாரு.”

பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

எனக்கு அந்தக் குறியீடுகள் தெரியாது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். அக்காவைக் கேட்டிருக்கலாம். என் மனைவி எழுதியதைக் கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால், அந்த நீண்ட 2-ஐப் பார்ப்பதற்காகவே புதன்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று பேரில் பதினெட்டுப் பேருக்கு க-12.

கல்லூரியில் என் வேலை விண்ணப்பங்களை முதலில் சலித்தெடுப்பது. வருகிற விண்ணப்பங்களில் அடிப்படைத் தகுதி இல்லாதவற்றை இடது பெட்டியில் போட வேண்டும். பொறியியலுக்கு நான்கு வருடமும் உயர் கணக்கு படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் இடது பெட்டி. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எழுதிய கட்டுரையை யாரும் படிக்க மாட்டார்கள்.

போன திங்கட்கிழமை, அந்தப் பள்ளியிலிருந்து இந்த வருடத்தின் முதல் விண்ணப்பம் வந்தது. மதிப்பெண் பட்டியலைப் புதிதாக அச்சடித்திருந்தார்கள். குறியீட்டையும் பெயரையும் சேர்த்து.

க-12, பொதுக் கணக்கு. அப்படியானால் க-11தான் உயர் கணக்கு.

கட்டடப் பொறியியலுக்கு விண்ணப்பித்திருந்தான் பையன். தாளைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர், “என்னப்பா, லவ் லெட்டரா?” என்றார். இடது பெட்டியில் போட்டேன். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“பதினெட்டுப் பேரைப் பொதுக் கணக்குல தள்ளியிருக்கீங்க,” என்றேன்.

“உட்காருங்க தம்பி.”

“என்னை விட்டே கையெழுத்து வாங்கியிருக்கீங்க. அவ எழுத்து மாதிரி எழுத யாரைப் பிடிச்சீங்க?”

அவர் டப்பாவை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“யாரும் எழுதல. அவதான் எழுதினா.”

அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. தலைமை ஆசிரியருக்கு எழுதியது. தேதியிலேயே அந்த 2 இருந்தது.

‘உயர் கணக்கில் தவறுகிற பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவர்களை முதலிலேயே பொதுக் கணக்கில் சேர்த்தால் பள்ளிப் படிப்பையாவது முடிப்பார்கள். இதைப் பிள்ளைகளிடம் இப்போது சொல்ல வேண்டாம். சொன்னால் மனம் விட்டுப்போகும்.’

“அப்போ நூறுல இருபது பேர் பாதியில நின்னுடுவாங்க தம்பி. இப்போ மூணு, நாலு. அவளாலதான்.”

“காலேஜ்?”

“எல்லாரும் காலேஜ் போயிடறாங்களா?”

“போவீங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கா.”

அவர் டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“தெரிஞ்சுக்கிட்டே என்னை ஏன் கூப்பிட்டீங்க அக்கா?”

“நீங்க சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க,” என்றார். “அவ வீட்டுக்காரர்.”

மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. முதல் ஆறு வாரம் எல்லாரும் ஒரே கணக்கு வகுப்பில் இருப்பார்கள். அடுத்த திங்கள் முதல் தாளில் உள்ளபடி பிரித்துவிடுவார்கள். அதன் பிறகு மாற முடியாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் கையெழுத்து. காரணம். கடைசியில் ஒரு கட்டம்: தவறாகப் பரிந்துரைத்தவர் பெயர்.

“அது காலியா இருந்தா மேலேருந்து திருப்பி அனுப்பிடுவாங்க,” என்றார் அக்கா. “பதினெட்டுத் தாள்ல அவ பேரைத் தப்புன்னு எழுதப் போறீங்களா தம்பி? போய் ரெண்டு மாசம்கூட ஆகல.”

பதினெட்டுப் படிவம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா பின்னாலிருந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

நடக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமான முதல் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை விரித்துப்போட்டு அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“உயர் கணக்கு இல்லாம ஒரு பிள்ளை அப்ளிகேஷன் போட்டா என்ன பண்ணுவீங்க?”

“இடது பெட்டி.”

“முழுசாப் படிக்கக்கூட மாட்டீங்களா?”

“ஒரு நாளைக்கு முந்நூறு வருது.”

அடுத்த விரலுக்குப் போனாள். “சரி,” என்றாள்.

அவளுக்குத் தெரியும். சொன்னதே நான்தான். அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவள் அனுப்பப்போகும் பிள்ளைகளை நான்தான் இடது பெட்டியில் போடுவேன் என்று தெரிந்துகொண்டே, இன்றைக்கு வேலை எப்படி என்று தினமும் கேட்டாள். பரவாயில்லை என்று நானும் சொன்னேன்.

அழுகை வரும் என்று ஓர் ஓரமாகப் போய் நின்றேன். வரவில்லை. அவள் செத்ததற்கே இன்னும் வரவில்லை. அது தன் முறைக்காகக் காத்திருக்கிறது போலும்.

வெள்ளிவரை விடுப்புப் போட்டேன். புதன்கிழமை முதல் ஆளாக ரேடியோவைக் கூப்பிட்டேன். அவள் அம்மா பேருந்து ஓட்டுநர். ஒரு சுற்று முடித்து அடுத்தது எடுக்குமுன் பணிமனையில் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும் என்றாள். இருவரும் போனோம். அம்மா ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தார். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று சொன்னேன்.

“அந்த மிஸ்ஸா? இருக்காது சார்,” என்றார்.

“அவங்கதான்.”

மகள் பக்கம் திரும்பினார். “போன பரீட்சையில கணக்குல எவ்ளோடி?”

“நாப்பத்தொண்ணு.”

“நாப்பத்தொண்ணை வெச்சுக்கிட்டு லிஃப்ட் செய்வியா? ஆறாவது மாடிகூடப் போகாது.”

“அம்மா, சும்மா இரு.”

“உயர் கணக்கு கஷ்டம்,” என்றேன். “தவறினா ஒரு வருஷம் போகும். சிலபேர் அதோட படிப்பையே விட்டுட்டாங்க. மிஸ் பயந்தது அதுக்குத்தான். பொதுக் கணக்குன்னா பள்ளிக்கூடத்தை முடிச்சிடலாம். ஆனா இந்த லிஃப்ட் வேலைக்கு எங்க காலேஜ்ல எடுக்க மாட்டோம். எடுக்காதவன் நான்தான். அதனால தெரியும்.”

ரேடியோ கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள்.

“லிஃப்ட் செய்ய முடியாதுன்னு மிஸ்ஸுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப முதல்ல ஏறுவேன்னு ஏன் சொன்னாங்க?”

இரண்டு நாளாக நானும் அதையேதான் வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“க-11 போடுங்க,” என்றாள். அம்மா பிளாஸ்கை மூடினார். “தவறினா எங்கிட்ட வந்து அழக் கூடாது.”

“அழ மாட்டேன்.”

“அழுவ. பரவாயில்ல.” படிவத்தை ஸ்டியரிங்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

என்னிடம் கொடுக்கும் முன் ரேடியோ அதை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். கடைசிக் கட்டத்தில் நின்றாள்.

“மிஸ் பேரையா எழுதணும்?”

“ஆமா.”

“வேணாம் சார். உங்க பேரை எழுதிடுங்க. நீங்கதானே கையெழுத்து வாங்கினீங்க.”

எழுதியிருக்கலாம். அதுவும் பொய்யாகியிருக்காது. பேனாவைத் திறந்தேன். என் பெயரென்றால் சுவரில் அந்தப் படம் அப்படியே இருக்கும். அக்காவுக்கும் சங்கடமில்லை. பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் மிஸ் மிஸ்ஸாகவே இருப்பாள். எனக்கு மட்டும் தெரியும். அவளும் அப்படித்தானே தனக்கு மட்டும் தெரியும்படி நான்கு வருடம் வைத்திருந்தாள்.

அவள் பெயரை எழுதினேன். இறப்புச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது எழுதியது, அதற்கப்புறம் இப்போதுதான்.

ரேடியோ எட்டிப் பார்த்தாள்.

“இதான் அவங்க பேரா?” என்றாள். “எங்களுக்கு மிஸ்னு மட்டும்தான் தெரியும்.”

நேரமாகிவிட்டது என்று அம்மா கதவுப் பொத்தானில் கைவைத்தார். இறங்கிக்கொண்டோம். அடுத்த வீடு நான்கு தெரு தள்ளி. எனக்கு வழி தெரியாது என்றேன். தனக்குத் தெரியும் என்று ரேடியோ முன்னால் நடந்தாள். மீதிப் பதினேழு தாள்களையும் மார்போடு பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.